வேலிக்கம்பியில் ஒரு புதுக்குடி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சிம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட் போகும் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரம் நிரை நிரையாக நின்ற நிலமெல்லாம் இன்று செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து மண்ணான இடத்தில் சில வேளை வேலிக்கம்பி மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி படரும். மூன்று மடலாகப் பிரிந்த இலை, கசக்கினால் ஒரு கெட்ட வாடை, பாசிபோல் பின்னிய வலைக்குள் ஒளிந்திருக்கும் கோலிக்குண்டு அளவுப் பழம். தமிழகத்துக் கிராமங்களில் இதைச் சிறுபூனைக்காலி என்பார்கள். பழம் மஞ்சளானதும் பிதுக்கி, விதையோடு உறிஞ்சித் தின்னாத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு.

இப்போது அந்தக் கொடியின் மேல் ஒரு பட்டாம்பூச்சி பறக்கிறது. செம்மஞ்சள் சிறகு, மேலே அங்கங்கே கறுப்புப் புள்ளி. பின்சிறகின் ஓரத்தில் கறுப்புக் கரை, கரைக்குள் வெள்ளைப் பொட்டுகள், புடவைக் கரையில் ஜரிகைப் புள்ளி வைத்ததுபோல. அவசரமே இல்லாமல் பறக்கும். கையை நீட்டினால்கூடப் பிடித்துவிடலாம்.

பேராக் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து அறுபதைக் கடந்த ஒருவருக்கு அந்தப் பழத்தின் ருசி நினைவிருக்கும். இந்தப் பட்டாம்பூச்சி மட்டும் அவருடைய சிறுவயது நினைவில் இருக்க வழியில்லை. ஆனால் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்த அதே வயதுக்காரரிடம் படத்தைக் காட்டினால், “இது எங்கள் வீட்டு வேலியில் எப்போதும் பறப்பதுதானே” என்பார். இருவர் சொல்வதும் சரி. வேலி ஒன்றுபோல் இருக்கிறது, கொடியும் அதே கொடி. ஒரு வேலியில் தொன்றுதொட்டு இருந்த பூச்சி, இன்னொரு வேலிக்கு எப்போது வந்தது? வந்ததை யார் பார்த்தார்கள்?

ஆங்கிலத்தில் இதன் பெயர் டானி கோஸ்டர். அறிவியல் பெயர் அக்ரேயா டெர்ப்சிகோர். பூர்வீகம் இந்தியாவும் இலங்கையும். அங்கே இதன் புழு தின்னும் செடிகளில் ஒன்று, சித்த வைத்தியக் கடைகளில் பொடியாக விற்கும் ஓரிதழ்த்தாமரை. நெடுங்காலம் அந்த எல்லைக்குள் இருந்த பூச்சி, 1980களில் தாய்லாந்தில் தென்பட்டது. 1990களில் தீபகற்ப மலேசியாவின் வடபகுதியில். 2006இல் சிங்கப்பூரில். பிறகு இந்தோனேசியத் தீவுகள் வழியாக, 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில். தமிழர் கப்பலேறிப் போன கரைகளில் சிலவற்றை முப்பது ஆண்டுகளுக்குள் இந்தச் சிறு பூச்சி தொட்டுவிட்டது.

இந்தப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு முத்திரை ஏதும் இல்லை. தேதி சொல்பவை புகைப்படங்களும் குறிப்பேடுகளும் சேகரிப்புப் பெட்டிகளில் குத்தி வைத்த மாதிரிகளும்தான். ஒரு படம் எப்படிச் சான்றாகிறது என்பதைப் பார்க்கும் முன், அதைவிடக் கடினமான ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டும். ஓர் உயிரினம் ஓரிடத்தில் ‘இருந்தது’ என்று காட்டிவிடலாம். ‘இல்லை’ என்று எப்படிக் காட்டுவது?

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை நினைத்துக்கொள்ளலாம். விடியும் முன் எல்லாரும் வந்து நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி கையில் செக்ரோல் என்ற பெயர்ப்பட்டியல். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவர் அன்று வரவில்லை என்று தெரிந்துவிடும். இங்கே ‘வரவில்லை’ என்பது உறுதியான செய்தி. காரணம், கையில் முழுப்பட்டியல் இருக்கிறது, எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதே கிராணி ஞாயிற்றுக்கிழமை ஈப்போ சந்தைக்குப் போகிறார். தோட்டத்து ஆட்கள் பத்துப் பேரைப் பார்க்கிறார். மற்றவர்கள் சந்தைக்கு வரவில்லை என்று அவரால் சொல்ல முடியுமா? வந்தும் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

இயற்கைப் புகைப்படக்காரர் எடுக்கும் படங்கள் சந்தையில் பார்த்த முகங்கள் போன்றவை. உயிரியலாளர்கள் இவற்றை ‘இருப்பு மட்டும் காட்டும் தரவு’ என்கிறார்கள். இதைப் பெரட்டாக மாற்ற ஒரு செக்ரோல் வேண்டும்.

மலாயாப் பட்டாம்பூச்சிகளுக்கு அப்படி ஒரு செக்ரோல் உண்டு. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ரப்பர்க்காரர். 1920களில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தில் வேதியியலாளராக இருந்த ஸ்டீவன் கார்பெட், வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வலையோடு அலைந்தார். அருங்காட்சியகப் பணியாளரான பெண்டில்பரியோடு சேர்ந்து அவர் எழுதிய மலாய்த் தீபகற்பப் பட்டாம்பூச்சி நூல் 1934இல் வந்தது. தீபகற்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்தப் பெரிய கணக்கின் அடித்தளம் இந்த நூல். இந்தச் செம்மஞ்சள் பூச்சி அதில் மலாயாவாசியாக இல்லை.

சரி, நூலில் இல்லாதது நாட்டிலும் இல்லாததா? கார்பெட்டின் வலைக்கு அது தப்பியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். இதே கேள்வி கார்பெட்டையும் குடைந்தது. அவர் அதைக் கேட்டது புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரிடம். கார்பெட் பிடித்தவற்றில் 118 இனங்கள் ஒரே ஒரு முறைதான் வலையில் விழுந்திருந்தன. 74 இனங்கள் இருமுறை. 44 இனங்கள் மும்முறை. இன்னும் இதே அளவு காலம் வலை வீசினால் இதுவரை பார்க்காத இனங்கள் எத்தனை கிடைக்கும் என்பது கார்பெட்டின் கேள்வி. ஏறத்தாழ 75 என்று கணக்கு விடை தந்தது. 1943இல் கார்பெட், ஃபிஷர், பூச்சியியலாளர் வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை உயிரியலிலும் புள்ளியியலிலும் இன்றுவரை பேசப்படுகிறது. பார்க்காத ஒன்றை எண்ணத் துணிந்த கணக்கு அது. அதற்கு விதையான பட்டாம்பூச்சிகள் மலாயாவில் பறந்தவை என்பதை ஈப்போப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அதன் சூத்திரம் தேவையில்லை, உள்ளே இருக்கும் யோசனை எளியது. கோயில் திருவிழாவுக்குப் போகிறோம். பார்த்த முகங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை பட்டவை என்றால், கூட்டத்தில் நாம் பார்க்காதவர்கள் இன்னும் ஏராளம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்கெனவே பார்த்த முகமே திரும்பத் திரும்ப வந்தால், அநேகமாக எல்லாரையும் பார்த்தாயிற்று. ஒருமுறை மட்டும் பட்டவற்றின் எண்ணிக்கைதான், இன்னும் படாதவற்றுக்கு அடையாளம்.

இதை நம் பூச்சிக்குப் பொருத்திப் பார்க்கலாம். கார்பெட்டிடம் தப்பக்கூடியவை எப்படிப்பட்டவை? உச்சிக் கிளையில் பறப்பவை, அடர்காட்டுக்குள் ஒளிபவை, எண்ணிக்கையில் அரியவை. இந்தப் பூச்சியோ இடுப்பு உயரத்தில், வெயிலில், வேலியோரத்தில், கூட்டமாக, மெதுவாகப் பறப்பது. இருந்திருந்தால் நூறு முறை வலையில் விழுந்திருக்கும். ஆகவே அன்றைய பட்டியலில் அது இல்லாததை, உண்மையாகவே இல்லாததாக எடுத்துக்கொள்ளலாம். எல்லா உயிருக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்றில்லை. கண்ணில் படாத சிறு வண்டு பட்டியலில் இல்லை என்பதற்கு ஒரு மதிப்பு, கண்ணைப் பறிக்கும் பட்டாம்பூச்சி இல்லை என்பதற்கு வேறு மதிப்பு.

இனிப் படத்துக்கு வரலாம். அழகான படத்தைச் சுவரில் மாட்டலாம். அது சான்றாக வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எது, எங்கே, எப்போது. எண்ணிமக் கேமரா வந்தபின் ‘எப்போது’ என்பதற்குப் படக்கோப்பே பதிலைச் சுமந்து வருகிறது. கைப்பேசி ‘எங்கே’ என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறது. ‘எது’ என்பதற்குத்தான் மனிதக் கண்கள் வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. அதில் ஒருவர் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் பெயர் சொல்கிறார்கள். படமும் இடமும் தேதியும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறுகிறது. கிராமத்தில் நாலு பெரியவர்கள் பார்த்துச் சரி என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு. நாலு பேரும் சேர்ந்து தவறலாம்தான். ஆனால் படம் அங்கேயே இருப்பதால், பத்தாண்டு கழித்து வரும் ஐந்தாமவர் திருத்த முடியும். வெறும் நினைவை அப்படித் திருத்த முடியாது.

நம் பூச்சியோடு குழப்பிக்கொள்ளக்கூடியது வெந்தய வரியன். அதுவும் செம்மஞ்சள்தான். ஆனால் அதன் முன்சிறகு நுனி கறுப்பு, அதன் குறுக்கே பட்டையாய் வெள்ளை. வேலிப் பூச்சிக்கு அந்த வெள்ளைப் பட்டை இல்லை. சிறகு விரித்த படம் ஒன்று, மூடிய படம் ஒன்று இருந்தால் சந்தேகமே வராது.

இன்னும் கிட்டப் போய்ப் படமெடுப்பவர்களுக்கு இந்தப் பூச்சி கூடுதலாக ஒரு செய்தி சொல்லும். சில பெண் பூச்சிகளின் வயிற்று நுனியில் மெழுகுபோல் இறுகிய ஒரு முடிச்சு ஒட்டியிருக்கும். இணை சேர்ந்தபின், வேறு ஆண் நெருங்காதபடி முதல் ஆண் வைத்துவிட்டுப் போகும் அடைப்பு அது. ஸ்ப்ராகிஸ் என்று அதற்குப் பெயர், தமிழில் ‘இணையடைப்பு’ எனலாம். அது தெரியும் படம், வந்தது வழிதவறிய ஒற்றைப் பூச்சியாக இல்லாமல், ஆணும் பெண்ணும் இருக்கக்கூடும் என்று காட்டிக்கொடுக்கும். இலையில் கொத்தாக வைத்த முட்டைகள், கிளைத்த முட்களோடு கூட்டமாக மேயும் செம்பழுப்புப் புழுக்கள், கம்பியில் தொங்கும் வெள்ளைக் கூட்டுப்புழு, அதன்மேல் கறுப்புக் கோடும் ஆரஞ்சுப் பொட்டும் ஆகியவை படமானால் விஷயம் இன்னும் உறுதி. வந்துபோகிறவர் வேறு, அடுப்பு மூட்டிக் குடியிருப்பவர் வேறு. சிங்கப்பூரில் பட்டாம்பூச்சிகளைப் படமெடுக்கும் பட்டர்ஃபிளை சர்க்கிள் குழு, முட்டை தொடங்கிச் சிறகு விரியும் வரை இதன் வாழ்க்கையைப் படங்களாகவே பதிவு செய்திருக்கிறது.

ஆளுக்கொரு ஊரில் எடுத்த இத்தகைய பதிவுகளைத் தேதிவாரியாக வரைபடத்தில் குத்திப் பார்த்தால், வாசலில் வைத்த கோலப்புள்ளிகள் போலத் தெரியும். ஒரு புள்ளி எதையும் சொல்லாது. வடக்கே பழைய தேதிகள், தெற்கே புதிய தேதிகள் என்று வரிசை தெரிந்ததும் கோடு தானாக விழுகிறது. மைக்கேல் பிராபி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை, ஆங்காங்கே சிதறிக் கிடந்த பதிவுகளைத் திரட்டி இந்தக் கோட்டைத்தான் வரைந்தது.

மெதுவாகப் பறக்கும் பூச்சி இவ்வளவு தூரம் எப்படிக் கடந்தது? தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து லயம்வரை ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்கள். ஒருவரும் நாலடிக்கு மேல் நகர்வதில்லை, தண்ணீர் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். முட்டை ஒரு மாதத்துக்குள் பட்டாம்பூச்சியாகிறது. ஓராண்டில் பத்துத் தலைமுறைக்கும் மேல். ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த வேலிவரை போனால் போதும்.

ஆனால் வாளி கைமாற இடையில் ஆள் நிற்க வேண்டும். திறந்த வெளியில் வாழும் இந்தப் பூச்சிக்கு இருண்ட மழைக்காடு கடல் மாதிரி. வெயிலும் இல்லை, கொடியும் இல்லை. காட்டை வெட்டிச் சாலையும் தோட்டமும் ஊரும் போட்டபோது அந்தக் கடலுக்குள் தீவுகள் எழுந்தன. நிலத்தை மனிதர் மாற்றியதே பூச்சிக்கு வழி திறந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. பால்மரத்தின் நிழல் அடர்ந்த நிரைக்குள் இது அதிகம் போகாது. இதற்கு வேண்டியவை தோட்டத்தின் விளிம்புகள்: லயத்து வேலி, லாரித்தடம், ரயில்பாதை ஓரம், மறுநடவுக்காக வெட்டவெளியாக்கிய நிலம். பேராக்கில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

கொடியும் இந்த மண்ணுக்குரியது இல்லை. சிறுபூனைக்காலி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. அமெரிக்கக் கொடி இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் முன்பே வந்து வேலி பிடித்துக் காத்திருந்தது, இந்தியப் பூச்சி அதைத் தின்னக் கற்று, அதே கொடியின் வழியே கிழக்கே நடந்தது. ஓர் அயல் இனம் இன்னோர் அயல் இனத்துக்குப் பந்தி விரித்துவைத்த கதை. அந்தப் பந்தியில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. லெப்பர்ட் லேஸ்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சியும் வடக்கிலிருந்து தீபகற்பத்துக்குள் இறங்கி, 2000களில் சிங்கப்பூர்வரை போனது. அதன் புழுவுக்கும் பிடித்தது இதே கொடி.

செம்பனை வந்தபின் இன்னொரு வாசலும் திறந்தது. பேராக்கின் கீழ்ப்பகுதியில், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில், பைப்புழு பெரிய தொல்லை. காய்ந்த ஓலைத் துணுக்குகளால் பை தைத்துத் தொங்கிக்கொண்டு ஓலையைச் சுரண்டித் தின்னும் புழு அது. மலேசிய அரசு 2013இல் அதை ஆபத்தான பூச்சியாக அறிவித்தது. அதை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் வேண்டுமே என்று, தோட்டச் சாலை ஓரங்களில் பூச்செடிகளை நடுகிறார்கள். அவற்றில் ஒன்று டர்னேரா. காலையில் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும் பூ. அதுவும் அமெரிக்கச் செடிதான். அதன் இலையையும் நம் பூச்சியின் புழு ஆசையாகத் தின்னும். குளவிக்காக வைத்த பந்தியில் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் பைப்புழு வெளியிலிருந்து வந்ததில்லை, இந்த மண்ணின் பூச்சி. தொல்லை செய்வதெல்லாம் வெளியூர்ப் பூச்சி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே சொற்களைப் பிரித்தே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. தன் பூர்வீக எல்லைக்கு வெளியே இருப்பது ‘அயல் இனம்’. அங்கேயே இனம் பெருக்கி நிலைத்தால் ‘குடியேறிய இனம்’. பரவிப் பிற உயிர்களுக்கோ பயிருக்கோ மக்களுக்கோ கேடு செய்தால்தான் ‘ஆக்கிரமிப்பு இனம்’. கோலாகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளும் அயல் இனமே. அன்றைய மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. வேலிப் பட்டாம்பூச்சி குடியேறிய இனம். அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லச் சான்று வேண்டும், அந்தச் சான்று வெறும் எண்ணிக்கையிலிருந்து வராது. ஆஸ்திரேலியாவில் இதன் உறவுப் பூச்சியான கிளாஸ்விங் இதே வகைச் செடிகளைத் தின்கிறது என்பதால், அதற்குப் போட்டியாகுமோ என்று அங்கே ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள்.

வந்த நாள் துல்லியமாகத் தெரிந்த பூச்சியும் மலேசியாவில் உண்டு. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது காற்று என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களில் காய்பிடிப்பு போதாமல் இருந்ததால், ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், மகரந்தத்தை முகப்பூச்சுத் தூள்போன்ற பொடியோடு கலந்து, மரம் மரமாகப் பூவில் ஊதிவந்தார்கள். செம்பனையின் பூர்வீகமான மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கண்டறிந்தார். வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்தபின், 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் அந்தக் கேமரூன் வண்டைத் திறந்துவிட்டார்கள். விரைவிலேயே தீபகற்பம் முழுதும் அது பரவியது, ஊதும் வேலை நின்றது. இன்று பேராக்கில் செம்பனையின் ஆண்பூவைத் தட்டினால் கொட்டும் வண்டுகள் அவற்றின் வாரிசுகள்.

வேலிப் பட்டாம்பூச்சிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இருப்பது ‘முதல் பதிவு’ மட்டுமே. அது வந்த நாளுக்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். சுவரில் கரையான் மண்கோடு தெரியும்போது உத்தரத்தில் எப்போதோ வேலை தொடங்கியிருக்கும். பார்வைக்கு வரும் அளவுக்குப் பெருகும்வரை எந்தக் குடியேறியும் கொஞ்ச காலம் மறைவாகவே இருக்கும். இதைப் ‘பின்தங்கு காலம்’ என்கிறார்கள்.

படங்களை நம்புவதில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் போனவர்களில் எத்தனை பேர் கையில் கேமரா இருந்தது? ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படம், கழுவக் கடைக்குக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இன்று கூட்டத்தில் கையுள்ளவரெல்லாம் படமெடுக்கிறார்கள். காவடிப் படங்கள் ஆயிரம் மடங்கு கூடிவிட்டன, அதை வைத்துக் காவடிகள் ஆயிரம் மடங்கு கூடின என்று யாரும் சொல்லமாட்டார்கள். பூச்சிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். சிவப்புப் புள்ளிகள் ஆண்டுக்காண்டு வரைபடத்தில் பெருகினால், பெருகியது பூச்சியா கேமராவா?

இதற்கு ஆய்வாளர்கள் கையாளும் உபாயம் எளிமையானது. அதே ஊரில், அதே ஆண்டில், அதே ஆட்கள் எடுத்த மற்றப் பட்டாம்பூச்சிப் படங்களோடு ஒப்பிடுவார்கள். எல்லாப் படங்களும் பத்து மடங்கு கூடி, இந்தப் பூச்சியும் பத்து மடங்கு கூடியிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. மற்றவை பத்து மடங்கும் இது ஐம்பது மடங்கும் என்றால் உண்மையாகவே பெருகுகிறது. அதனால்தான், எங்கும் இருக்கிறதே என்று யாரும் திரும்பிப் பாராத சாதாரணப் பூச்சிகளின் படங்களுக்கு இவ்வளவு மதிப்பு. கோப்பேங் அருகே உலு கெரோவில் வெந்நீர் ஊற்றோரம் கூடும் ராஜா புரூக் பட்டாம்பூச்சியைப் படமெடுக்கப் பலர் வருகிறார்கள், வர வேண்டியதுதான். மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி அது. ஆனால் போகும் வழியில் சாலையோரம் பறந்த வெள்ளையையும் மஞ்சளையும் படமெடுத்து வைப்பவர்தான் ஒப்பீட்டுக்கான அளவுகோலைத் தருகிறார்.

அளவுகோலுக்கு வாராந்தரக் கோணலும் உண்டு. படங்கள் சனி ஞாயிறுகளில் குவியும், தார்ச்சாலை ஓரத்தில் குவியும். செம்பனைத் தோட்டத்தின் நடுவே, வேலி தாண்டி யாரும் போவதில்லை. எனவே வரைபடத்தில் அங்கே வெறுமை. பூச்சி இல்லாத வெறுமையா, ஆள் போகாத வெறுமையா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

கேமராவுக்கு எட்டாத பூச்சிகளும் நிறைய. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது ஒரு மாவுப்பூச்சி. மெக்சிகோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய பப்பாளி மாவுப்பூச்சி அது. விவசாயி கண்ணுக்குத் தெரிவது வெள்ளைப் பொடி. மாவுப்பூச்சிகளில் எது எது என்று உறுதி செய்ய, முதிர்ந்த பெண் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெயர் சரியாகத் தெரிந்ததால்தான் அதன் இயற்கை எதிரியைத் தேட முடிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளை வெளியிட்டபின் தமிழகத்தில் அது அடங்கியது. பெயர் தவறியிருந்தால் தவறான குளவியைத் தேடிப் போயிருப்பார்கள்.

படத்தின் வலுவையும் வரம்பையும் ஒருசேரக் காட்டும் கதை பேராக்குக்குப் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில் நடந்தது. 2011 மே மாதம், மலேசியப் புகைப்படக்காரர் குவெக் ஹோக் பிங், சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் ஒரு பச்சைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியைப் படமெடுத்தார். சிறகின் அடியில் கறுப்பு வலைக்கோலம், நடுவே நீலப் பொட்டு. படம் எடுத்தபின் பூச்சியைப் பறக்க விட்டுவிட்டார். படத்தை ஃபிளிக்கர் தளத்தில் போட்டார். கலிபோர்னியாவிலிருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் அதைத் தற்செயலாகப் பார்த்தார். இதுவரை பெயரிடாத இனம் என்ற சந்தேகம் அவருக்கு. ஆனால் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட அவர் அவசரப்படவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் குவெக் மறுபடி அதே இடத்துக்குப் போய் ஒரு மாதிரியைப் பிடித்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே ஸ்டீபன் புரூக்ஸ் ஒப்பிட்டு உறுதி செய்தார். 2012 ஆகஸ்டில் செமகிரைசா ஜேட் என்ற பெயரோடு வெளியான கட்டுரையில் படமெடுத்தவரும் ஆசிரியர்.

இடம் சொல்வதிலும் பொறுப்பு இருக்கிறது. குடியேறிய பூச்சியின் இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம், சொல்வதே நல்லது. ராஜா புரூக் போன்றவற்றுக்குக் கள்ளச்சந்தை உண்டு. அதனால் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானே மங்கலாக்கி, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். மற்றத் தளங்களில் படம் போடுபவர்கள் இந்த எச்சரிக்கையைத் தாங்களே செய்ய வேண்டியிருக்கும். இன்னொரு பொறுப்பும் உண்டு: படமெடுக்கப் போகிறவரின் காலணி மண்ணிலும் முக்காலிக் காலிலும் விதையும் எறும்பும் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போகும். தோட்டத்திலிருந்து நேரே மலைக்காட்டுக்குப் போகிறவர்கள் இடையில் ஒருமுறை தட்டிக் கழுவிவிட்டுப் போனால் நல்லது.

வேலிக்கம்பியிடம் திரும்பினால், காலை ஒன்பது மணி வெயில் ஏறியிருக்கிறது. கொடியின் இலையைப் புரட்டினால் அடியில் மஞ்சள் முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. பக்கத்து இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டு முட்புழுக்கள் அடுத்த இலைக்கு நகர்கின்றன. பூச்சியை ஒரு படம், இலையோடு முட்டையை ஒரு படம், முழு வேலியும் பின்னால் செம்பனையும் தெரிய ஒரு படம். அந்த மூன்றாவது படம் யாருக்கும் அழகாகத் தோன்றாது. இருபது ஆண்டு கழித்து, வேலியும் செம்பனையும் போய் வேறொன்று வந்திருக்கும்போது, இந்தப் பூச்சி எந்த நிலத்தில் எதைத் தின்று வாழ்ந்தது என்று தேடுகிறவர் முதலில் திறப்பது அதைத்தான்.